மனநோயும் நம் சங்கத்தின் தர்மமும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இம்மேடையில் பேசும்படி நிர்வாகஸ்தர்கள் எம்மைப் பணித்தபோது, கல்வியைப் பற்றியோ, வர்த்தக அபிவிருத்தியைப் பற்றியோ, சிக்கனத்தைப் பற்றியோ யாம் பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவை யாவும் நன்மை பயக்கும் விஷயங்களே. ஆயினும் அவற்றைப் பற்றி இங்கே பேசாதார் எவருமிலர். இதுகாறும் இம்மேடையில் எவரும் பேசாத ஒன்றைப் பற்றிப் பேச இன்று துணிந்துள்ளோம். அது மனநோயாகும், அந்நோயாளர்க்காகப் பாடுபடும் தர்ம ஸ்தாபனங்களுக்கு நம் சங்கம் செய்யவேண்டிய உதவியாகும்.

இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்ற நிர்வாக சபைக் கூட்டத்தில், நம் தர்ம நிதியின் வருமானத்தில் ஒரு பகுதியை மனநோயாளர்க்குத் தொண்டு செய்யும் ஸ்தாபனம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் அளிக்கலாம் என்று ஓர் இளைஞர் பிரேரணை கொண்டுவந்தார். பணம் கொடுப்பதற்கு எவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரியவர், ‘கொடுப்பதானால் பெயர் போடாமல் கொடுப்போம். அங்கே நம் சங்கத்தின் பெயரைப் பலகையில் எழுதினால், இவர்கள் வீடுகளில் இந்த வியாதி அதிகம் போலும் என்று ஊரார் பேசுவர். நம் பிள்ளைகளின் கல்யாண காரியங்களுக்கு இடையூறாகும்’ என்றார். பலர் தலையசைத்தனர். பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது. அப்பெரியவர்மீது எமக்குச் சிறிதும் வருத்தமில்லை. மற்றையோர் மனத்தில் வைத்திருந்ததையே அவர் வாய்திறந்து சொன்னார். அவருக்கு மரியாதையுடன் விடை கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

நம்மவர் தர்மத்தில் பின்வாங்குபவர் அல்லர். சத்திரம் கட்டினோம், தண்ணீர்ப் பந்தல் வைத்தோம், கோயில் திருப்பணி செய்தோம், மாணவர் விடுதி நடத்துகிறோம், கண் சிகிச்சை முகாம் கூட்டுகிறோம். இவை ஒவ்வொன்றிலும் உபயதாரர் பெயர் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சம் மறைந்தாலும் மறைக, பெயர் மறையலாகாது என்று கண்ணாடிமேல் எழுதிவைப்பவர் நாம். சென்ற கண் சிகிச்சை முகாமின் அழைப்பிதழில் எவர் பெயர் முதலில் வருவது என்பதற்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. அப்போது, ‘இவர்கள் ஜாதியில் குருடர் அதிகம் என்று ஊரார் நினைப்பரே’ என்று ஒருவரும் அஞ்சவில்லை. கண்ணிலே புரை விழுந்தால் அது நோய். மனத்திலே நோய் வந்தால் மட்டும் அது குலத்துக்கு இழுக்கு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் இந்நோயாளரின் துன்பத்திற் பெரும்பாகம் என்பதை இனி விளக்குவோம்.

முதலாவது, மனநோய் அரிதான ஒன்று அன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2015, 2016-ம் வருஷங்களில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தினர். வயது வந்தோருள் 100-க்கு 10.6 பேருக்கு அச்சமயத்தில் ஏதேனும் ஒரு மனநோய் இருந்ததாக அதனால் தெரியவந்தது. இம்மண்டபத்தில் நாம் 400 பேர் அமர்ந்திருக்கிறோம். அக்கணக்கின்படி நம்மிடையே 40 பேருக்கு மேல் அத்துன்பத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே சந்தனம் பூசிச் சிரித்த முகத்தோடு அமர்ந்திருத்தல் கூடும். மனநோய் என்றவுடன் தெருவில் கல்லெறிபவனை நினைத்தல் பெரும்பிழை. காரணமின்றி மாதக் கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு, நெஞ்சு படபடக்கும் அச்சநோய், பிரசவத்தின் பின் தாயைப் பற்றும் துயரம், குடிக்கு அடிமையாதல் ஆகிய இவையே மிகுதி. இல்லாத குரல்கள் காதில் ஒலிக்கும் மனச்சிதைவு என்னும் கொடிய நோய், ஆயுளில் சுமார் 100 பேரில் ஒருவரையே பற்றுகிறது.

இரண்டாவது, இவை தீர்க்கவோ தணிக்கவோ கூடிய நோய்கள். 1949-ம் வருஷத்தில் லிதியம் என்னும் உப்பும், 1952-ல் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தும் இந்நோய்களுக்கு உதவும் என்று கண்டறியப்பட்டன. அதன்பின் வேறு பல மருந்துகளும், பேச்சினாலேயே செய்யும் சிகிச்சை முறைகளும் வந்துள்ளன. நீரிழிவுக்காரர் மாத்திரை உண்டு கடை நடத்துவதுபோல மனநோயாளர் பலர் மருந்துண்டு தம் தொழிலைச் செய்து வருகின்றனர். அங்ஙனமிருந்தும், முற்கூறிய கணக்கெடுப்பில், நோய்க்கேற்ப 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்தனர். மருத்துவர் தொகை போதாமை இதற்கு ஒரு காரணம், ஐயமில்லை. ஆனால் மருத்துவர் இருக்கும் ஊரிலும் அவர் வீட்டு வாயிலை மிதிக்க மனிதர் கூசுவது மற்றொரு காரணம். ‘யாரேனும் பார்த்துவிட்டால்?’ என்னும் ஒரு வினா எத்தனையோ பேரை வாயிலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது.

இக்கூச்சம் எத்துணைப் பழமையானது என்பதற்குச் சென்னைப் பட்டினமே சான்று. 1794-ம் வருஷத்தில் கம்பெனியாரின் காலத்தில், வாலண்டைன் கானலி என்னும் ஆங்கில வைத்தியர் மனநோயாளர்க்கென அங்கே ஒரு விடுதி அமைத்தார். அதன் வழிவந்த ஆஸ்பத்திரி 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குச் சென்றது. அன்றுமுதல் அங்கே குணமடைந்து வீடு திரும்பியோர் பல்லாயிரவர். ஆனால் நம் வழக்கில் அவ்வூரின் பெயர் என்னவாயிற்று? ‘கீழ்ப்பாக்கம்’ என்பதே ஒரு வசைமொழியாயிற்று! பள்ளிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் அச்சொல்லால் ஏசுகின்றனர். ஒருவரைக் குணப்படுத்தும் இடத்தின் பெயரை ஏசுமொழியாக்கிய நாம், நோயாளி அங்கே போக மறுக்கிறான் என்று வியப்பது எங்ஙனம் பொருந்தும்?

அக்கூச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நம் நாடு கண்டது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த தனியார் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை, உள்ளே இருந்தவர்கள் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். சுப்ரீம் கோர்ட்டே இச்செய்தியைக் கண்டு தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சங்கிலி பூட்டியவர்களை நாம் அனைவரும் நிந்தித்தோம். ஆனால் அந்த 28 பேரும் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். அவர்களுக்குத் தாய் தந்தையர் இருந்தனர், உடன்பிறந்தோர் இருந்தனர், ஒருவேளை நம் சங்கத்தைப் போன்ற சங்கமும் இருந்திருக்கலாம். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர் அனைவரும் இரக்கமற்றவர் என்று யாம் சொல்லமாட்டோம். வறுமையால் விட்டவர் சிலர். நம்பிக்கையால் விட்டவர் சிலர். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கவேண்டுமே என்பதற்காகத் தூரத்தில் விட்டவரும் அவர்களுள் இராமற் போயிருக்க மாட்டார்கள்.

நிற்க. பிறரைப் பற்றிப் பேசுவது எளிது. எம் வீட்டைப் பற்றியும் இங்கே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

எமக்கு ஒரு சிறிய தந்தையார் இருந்தார். கணக்கிலே வல்லவர், மனக்கணக்காகவே வட்டி சொல்லுவார். 1968-ம் வருஷத்தில், தம் 23-வது வயதில், தம்மை எவரோ பின்தொடர்கின்றனர் என்று சொல்லத் தொடங்கினார். உறக்கம் போயிற்று, உணவு போயிற்று. எம் பாட்டியார் அவரை அழைத்துக்கொண்டு பல தலங்களுக்குச் சென்றார். மந்திரித்துக் கயிறு கட்டினர். பின்னர்க் கொல்லைப்புறத்து அறை ஒன்று அவருக்கென ஒதுக்கப்பட்டது. யாம் அப்போது சிறு பிள்ளை. ‘சித்தப்பா எங்கே என்று யாரேனும் கேட்டால், பம்பாயில் வேலையாக இருக்கிறார் என்று சொல்’ என எமக்குக் கற்பிக்கப்பட்டது. யாமும் அப்படியே சொல்லி வந்தோம். 1979-ல் எம் தமக்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்கட்டில் பலகாரம் உண்டுகொண்டிருந்தபோது, பின்கட்டில் அவ்வறை வெளியே தாழிடப்பட்டிருந்தது. உள்ளிருந்து ஓசை வராதிருக்க எம் பாட்டியார் அவர் பக்கத்தில் அமர்ந்து அவர் கையைப் பற்றிக்கொண்டிருந்தார். இதை அறிந்தோர் இச்சபையிலே சிலர் இருக்கிறார்கள். அவர்களும் எம்மைப் போலவே மௌனமாயிருந்தனர்.

18 வருஷங்கள் இவ்வாறு கழிந்தபின், 1986-ல், உறவினர் அல்லாத நண்பர் ஒருவர் வற்புறுத்தியதன் பேரில் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினோம். மருந்து தொடங்கிய சில மாதங்களில் அவர் உறங்கினார், குளித்தார், பத்திரிகை படித்தார். நோய் முற்றும் நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை. கை சிறிது நடுங்கும். கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவார். ஆயினும் 1988 முதல் எம் கடையில் சிட்டையும் பேரேடும் அவர் கையெழுத்திலேயே இருந்தன. ஒரு காசு பிசகியதில்லை. 2004-ல் காலஞ்சென்றார். அவர் எம்மை ஒரே ஒருமுறை கேட்டார்: ‘நான் பம்பாயில் என்ன வேலை பார்த்தேன்?’ என்று. யாம் விடை சொல்லவில்லை.

அந்த 18 வருஷங்களை அவரிடமிருந்து பறித்தது நோய் மாத்திரம் அன்று. அக்காலத்திலேயே மருந்து இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, எம் குடும்பத்தில் பொருளும் இருந்தது. பறித்தது எம் அச்சம். அவ்வச்சத்துக்குக் காரணம் யாது? ஊராரா? அல்லர். சர்க்காரா? அன்று. நம் சமூகமே, நம் கல்யாண விசாரணையே! வரன் பார்க்கும்போது ‘அந்தக் குடும்பத்தில் யாருக்காவது புத்தி பேதம் உண்டா?’ என்று காதோடு காதாகக் கேட்கிறோமே, அந்தக் கேள்விதான் அவ்வறைக்குத் தாழ் போட்டது. கேட்பவரும் நாமே, ஒளிப்பவரும் நாமே. ஆகவேதான், இந்த இழுக்கை நீக்கும் ஆற்றல் சர்க்காரைக் காட்டிலும், பத்திரிகைகளைக் காட்டிலும், நம்மைப் போன்ற ஜாதிச் சங்கங்களுக்கே மிகுதியாக உண்டு என்கிறோம். பூட்டியவர் கையிலேதான் திறவுகோல் இருக்கும்.

‘மனநோய் பரம்பரையாக வருவது அல்லவா? விசாரிப்பதில் தவறென்ன?’ என்று சிலர் வினவுவர். நல்ல வினா. பரம்பரைக்கு அதிற் பங்குண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எவ்வளவு? மனச்சிதைவு நோயுடைய தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த பிள்ளைகளுள் 100-க்குச் சுமார் 10 பேருக்கே அந்நோய் வருகிறது. 90 பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்கு வராதிருப்பது சுமார் பாதி. சித்தப்பா, அத்தை ஆகியோரின் நோய்க்காகப் பெண்ணையோ பிள்ளையையோ ஒதுக்குவதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரம் மிகவும் சொற்பம். நீரிழிவும் இருதய நோயும் குடும்பங்களில் தொடர்ந்து வருகின்றனவே. அவற்றுக்காகச் சம்பந்தத்தை முறித்தவர் எத்தனை பேர்?

மற்றொரு தீங்கையும் இங்கே சொல்லவேண்டும். ‘ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்’ என்று நோயை மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கல்யாணம் மருந்தன்று. வந்த பெண் ஒன்றும் அறியாமல் திகைக்கிறாள், மாத்திரையை மறைத்து வைக்கவேண்டியிருப்பதால் நோயாளி மருந்தை நிறுத்துகிறான், நோய் மீளுகிறது, இரு குடும்பங்களும் கோர்ட்டு வாயிலில் நிற்கின்றன. மறைக்கச் சொல்லி யாம் பரிந்துரைக்கவில்லை. மறைக்கவேண்டிய அவசியமே இல்லாத ஒரு சமூகத்தை ஆக்குவோம் என்கிறோம். உண்மையைச் சொன்னால் ஒதுக்கப்படுவோம் என்ற அச்சம் நீங்கினால்தான் உண்மை வெளிவரும்.

இனி, இத்துறையில் பாடுபடும் ஸ்தாபனங்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். மருந்து கொடுப்பது சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆனால் மருந்துக்குப் பின் என்ன? குணமடைந்தவர்க்கு வேலை யார் தருவது? வீடு யார் தருவது? குடும்பத்தார்க்கு நோயின் தன்மையை யார் விளக்குவது? இவ்விடத்திலேதான் தர்ம ஸ்தாபனங்கள் நிற்கின்றன.

பாரதத்தின் முதற் பெண் மனநோய் மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஓய்வு பெற்றபின் வீட்டில் அமராமல், 1984-ல் மனச்சிதைவு நோயாளர்க்கென ‘ஸ்கார்ஃப்’ என்னும் ஸ்தாபனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். அது சிகிச்சையோடு தொழிற்பயிற்சியும் ஆராய்ச்சியும் நடத்துகிறது. 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு மருத்துவ வண்டி ஒன்றை அனுப்பி, வண்டியிலிருந்தபடியே சென்னை மருத்துவரோடு நோயாளியைப் பேசவைக்கும் ஏற்பாட்டையும் செய்தது. அம்மையார் 2021-ல் தம் 98-வது வயதில் மறைந்தார்.

1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இளம்பெண்கள் இருவர், தெருவில் நிலைகுலைந்து திரிந்த ஒரு பெண்மணியைக் கண்டு, அவரைச் சேர்த்துக்கொள்ள ஓரிடமும் அகப்படாமல் அலைந்தனர். அவ்வலைச்சலின் பயனாக, வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்கென ‘பேன்யன்’ என்னும் இல்லம் பிறந்தது. ஆலமரம் என்பது அப்பெயரின் பொருள். நோய் தணிந்தும் வீட்டார் ஏற்காத பெண்கள் நால்வர் ஐவராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து வாழும் திட்டம் ஒன்றை அவர்கள் 2015-ல் தொடங்கினர். அப்பெண்கள் சந்தைக்குச் செல்கின்றனர், சமைக்கின்றனர், வாயிலிற் கோலமிடுகின்றனர். அண்டை வீட்டார் நாளடைவில் பழகிவிடுகின்றனர்.

வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 1957-ல் பாகாயத்தில் அமைத்த மனநல நிலையத்தில், நோயாளியோடு உறவினரும் உடன் தங்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. நோயைப் பற்றிய அறிவு குடும்பத்துக்கும் அங்கே கிடைக்கிறது. 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தோற்றுவித்த ‘சினேகா’ என்னும் ஸ்தாபனத்தில், உயிரை வெறுத்தவர் மனம்விட்டுப் பேசத் தொண்டர்கள் காதுகொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

சட்டமும் இன்று மாறியிருக்கிறது. 1912-ம் வருஷத்துச் சட்டம் இந்நோயாளரைப் பைத்தியக்காரர் என்றே பெயரிட்டது. 2017-ல் இயற்றப்பட்டு 2018-ல் அமலுக்கு வந்த மனநலச் சட்டமோ, சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கிற்று. எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்றது. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டனைக்குரியவராக அன்றி, கடுந்துன்பத்துக்கு ஆளானவராகக் கருதிப் பராமரிக்கவேண்டும் என்றது. சட்டம் சங்கிலியை அறுத்தது. ஆனால் நாவினாற் பூட்டும் சங்கிலியைச் சட்டம் அறுக்க இயலுமோ? அது நம் வேலை.

இனிப் பெரியவரின் ஆட்சேபத்துக்கு வருவோம். மனநோயாளரோடு நம் பெயர் சேர்ந்தால் பெயர் கெடுமா? பெல்ஜியம் தேசத்தில் கேல் என்று ஒரு சிற்றூர் உண்டு. டிம்ஃப்னா என்னும் புனிதவதியின் ஆலயத்துக்கு இடைக்காலந்தொட்டு மனநோயாளர் அழைத்துவரப்பட்டனர். ஆலயத்தில் இடம் போதாதபோது ஊரார் தம் வீடுகளில் அவர்களை ஏற்றனர். அது வழிவழியாகக் குடும்ப வழக்கமாயிற்று. 1930-களின் இறுதியில் 3,700-க்கு மேற்பட்ட நோயாளர் அவ்வூர்க் குடும்பங்களோடு ஒரே மேசையில் உணவுண்டு, ஒரே வயலில் உழைத்து வாழ்ந்தனர். தொகை இன்று குறைந்துள்ளதாயினும் வழக்கம் நிற்கவில்லை. அவ்வூராருக்குப் பெயர் கெட்டதா? 2023-ல் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் அவ்வழக்கத்தை மானிட குலம் பேணத்தக்க நற்செயல்களின் பதிவேட்டில் ஏற்றினர். ஒளித்தவன் பெயர் கெடலாம். அணைத்தவன் பெயர் கெட்டதாகச் சரித்திரத்தில் இல்லை.

‘பெயரில்லாமற் கொடுப்பது உத்தமம் அன்றோ? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பரே’ எனின், அடக்கத்தினால் பெயரை மறைப்பது உத்தமமே. ஆனால் எல்லாக் கல்லிலும் பெயர் வெட்டிவிட்டு, இந்த ஒன்றில் மட்டும் மறைப்பது அடக்கம் அன்று; கூச்சம். அக்கூச்சத்தோடு பத்து லட்சம் கொடுத்தாலும், அப்பணம் நோயாளிக்கு மருந்து வாங்கும்; ‘உன்னோடு எங்களைச் சேர்த்துப் பேசாதே’ என்ற செய்தியையும் கூடவே எடுத்துச் செல்லும். இழுக்கை நீக்கும் தர்மத்தை இழுக்குக்கு அஞ்சிக்கொண்டே செய்தல் இயலாது.

‘தெய்வத்தை நம்பினாற் போதாதா?’ என்பாரும் உளர். தெய்வ நம்பிக்கையை யாம் குறைகூறோம். எம் பாட்டியாரைத் தாங்கியது அதுவே. ஆனால் காய்ச்சல் கண்டால் விபூதியும் பூசிக்கொண்டு வைத்தியரிடமும் செல்கிறோம் அல்லவோ? அதே ஏர்வாடியில் இன்று தர்கா வழிபாட்டுக்கு வருவோர்க்குச் சர்க்கார் மருத்துவர்கள் மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்துள்ளது. பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல.

ஆகவே, சங்கத்தின்முன் சில விண்ணப்பங்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒத்திவைக்கப்பட்ட பிரேரணையை மீண்டும் எடுத்து, தர்ம நிதியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும், சங்கத்தின் முழுப்பெயரோடு, இத்துறைக்கு வழங்கவேண்டும். ஒருமுறை பெருந்தொகை கொடுத்து மறப்பதினும், சிறுதொகையைத் தவறாது கொடுப்பது நலம். மருந்து மாதாமாதம் வேண்டுவது. தொண்டருக்குச் சம்பளமும் அத்தகையதே. எந்த ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது என்பதை நேரிற் சென்று பார்த்தே முடிவுசெய்யவேண்டும். சட்டப்படி பதிவு பெற்றதா, கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடுகிறதா, கதவுகள் எப்புறம் தாழிடப்படுகின்றன, உள்ளிருப்போர் நம்மைக் கண்டு பேசுகின்றனரா என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, அடுத்த ஆண்டு விழாவில், மனநோயினின்று மீண்ட ஒருவரை, அவர் இசைந்தால், இம்மேடைக்கு அழைத்துப் பேசச்செய்யவேண்டும். லான்செட் என்னும் வைத்திய இதழ் அமைத்த உலகக் குழுவொன்று இவ்விழுக்கைப் போக்கும் வழிகளை ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. நோயை அனுபவித்தவரோடு நேரிற் பழகுவதே யாவற்றினும் பயன் தருவது என்பது அதன் முடிவு. எம் உபந்நியாசம் நூறு கேட்பதினும் அவரோடு ஒருவேளை உணவருந்துவது மேலானது.

மூன்றாவது, நம் சங்கத்துக் கல்யாணத் தகவல் பிரிவில், ‘குடும்பத்தில் மனநோய் உண்டா’ என்று மூன்றாம் மனிதரிடம் இரகசியமாக விசாரித்துச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். மணமக்கள் தத்தம் உடல்நலத்தையும் மனநலத்தையும் தாமே நேரிற் பேசிக்கொள்ளட்டும். பெரியப்பாவின் நோய்க்குப் பேத்தியைத் தண்டிப்பது தர்மமன்று.

நான்காவது, நம்மவருள் வீட்டுச் சொந்தக்காரர் பலர்; கடை முதலாளிகள் பலர். குணமடைந்து வருபவர்க்கு ஒரு வீடு வாடகைக்கு விடுவதும், ஒரு நாற்காலி போட்டுக் கணக்கெழுத வைப்பதும் காசோலையினும் பெரிய தர்மம்.

ஐந்தாவது, நம் மாதப் பத்திரிகையில் நகைச்சுவைத் துணுக்குகளுக்காக இந்நோயாளரைப் பரிகசிப்பதை நிறுத்தி, அவ்விடத்தில் 14416 என்னும் எண்ணை மாதந்தோறும் அச்சிடவேண்டும். அது 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் சர்க்கார் தொலைபேசிச் சேவையின் எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். நள்ளிரவில் விழித்திருக்கும் ஒருவர் நம் பத்திரிகையைப் புரட்டும்போது அவ்வெண் அவர் கண்ணிற் படுமாயின், நம் சங்கம் இருந்ததன் பயன் அதுவே.

பெரியோர்களே! யாம் நெடுநேரம் பேசிவிட்டோம். பொறுத்தருள வேண்டுகிறோம். பிரேரணை நிறைவேறுமாயின், அந்நிதிக்கு முதல் தொகையாக எம் குடும்பத்தின் சார்பில் ஒரு லட்சம் ரூபாய் அளிக்கச் சித்தமாயிருக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அப்பணம் செல்லும் இடத்துப் பலகையில் எம் பெயர் வேண்டா. எம் சிறிய தந்தையாரின் பெயரை, அவர் எந்த ஊரினர், எவர் மகன், எந்த நோயால் வருந்தினார், எத்தனை வருஷம் கணக்கெழுதினார் என்னும் விவரங்களோடு, எல்லாரும் படிக்கும் அளவில் எழுதவேண்டும். அவர் பம்பாய்க்குப் போகவேயில்லை என்பதை நம் சமூகத்தார் இப்போதாவது அறிக.

எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் தெளிந்த மனத்தையும், தெளிவிழந்தோரைத் தாங்கும் கையையும் அருள்வானாக.